புனித செபஸ்தியார்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜனவரி பிறந்ததும் கொடியேற்றம், நவநாள், தேர்பவனி என்று ஊர் ஊராகச் செபஸ்தியார் திருவிழா தொடங்கிவிடும். மறைக்கல்வி வகுப்பிலும் அன்பியக் கூட்டத்திலும் என்னிடம் வருகிற கேள்விகளும் வருடா வருடம் கிட்டத்தட்ட அதேதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். முதலில் இருந்து படித்தால் பின்னால் வருகிற பதில்கள் எளிதாகப் புரியும்.

செபஸ்தியார் யாருங்க? சுருக்கமா சொல்லுங்க.

உரோமைப் பேரரசில் கிறிஸ்தவராக இருப்பதே ஆபத்தாக இருந்த காலத்தில் விசுவாசத்துக்காக உயிரைக் கொடுத்த மறைசாட்சி. நம் தாத்தா பாட்டி காலத்து வழக்கில் சொன்னால் வேதசாட்சி. தியோக்கிளேசியன் ஆட்சியில் (284 முதல் 305 வரை) உரோமை நகரில் கொல்லப்பட்டார், அப்பியா நெடுஞ்சாலை ஓரம் இருந்த நிலத்தடிக் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார். திருநாள் ஜனவரி 20.

மரபு சொல்கிற வரலாற்றில் அவர் அரண்மனைக் காவல்படையில் ஒரு தலைவர். மன்னனுக்கு நெருக்கமானவர், ஆனால் உள்ளுக்குள் கிறிஸ்தவர். சிறையில் கிடந்த கிறிஸ்தவர்களுக்குத் தைரியம் சொல்லிக்கொண்டிருந்தார், அது ஒருநாள் வெளியே தெரிந்துபோனது. அதற்குப் பிறகு நடந்ததுதான் சுரூபத்தில் (ஆலயச் சிலையில்) நாம் பார்க்கும் அம்புகள்.

அம்பு பட்டுத்தானே இறந்தார்?

இல்லை. இந்த ஒன்றைச் சொல்வதற்காகவே இந்தப் பக்கத்தை எழுதலாம் என்று தோன்றும் அளவுக்கு எல்லோரும் கேட்பது இதைத்தான். சுரூபம், படம், சப்பரம் எல்லாவற்றிலும் மரத்தில் கட்டி அம்பு தைத்த கோலத்தில்தான் அவரைப் பார்க்கிறோம், அதனால் கதை அங்கேயே முடிந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம். அவருடைய பாடுகளின் வரலாறு என்ற பழைய இலத்தீன் நூல் வேறு மாதிரி சொல்கிறது. திறந்த வெளியில் அவரைக் கட்டி வைத்து எய்தார்கள், முள்ளம்பன்றி மாதிரி உடம்பெல்லாம் அம்பாக நின்றது (இந்த உவமை அந்த நூலிலேயே இருக்கிறது), இறந்துவிட்டார் என்று நினைத்து விட்டுவிட்டுப் போனார்கள்.

இரவில் ஐரீன் என்ற விதவை உடலை எடுத்து அடக்கம் செய்ய வந்தார். பார்த்தால் உயிர் இருக்கிறது. தன் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பராமரித்தார், செபஸ்தியார் தேறிவிட்டார்.

அப்போ எப்படித்தான் இறந்தார்?

உடம்பு தேறியதும் கூட இருந்த கிறிஸ்தவர்கள் எல்லோரும், ஊரைவிட்டுப் போய்விடுங்கள், உயிர் தப்பியதே பெரிது என்று கெஞ்சினார்கள். அவர் போகவில்லை. மன்னர்கள் வருகிற வழியில் அரண்மனைக் கோயில் படிக்கட்டில் போய் நின்றார். செத்துப்போனதாக நினைத்த ஆள் எதிரே நிற்பதைப் பார்த்தால் எப்படி இருக்கும்! நேருக்கு நேராகப் பேசினார். கிறிஸ்தவர்கள் நாட்டுக்கு எதிரிகள் என்று கோயில் பூசாரிகள் உங்களிடம் பொய் சொல்கிறார்கள், உண்மையில் நாங்கள் உங்கள் நாட்டுக்காகச் செபிக்கிறவர்கள் என்பதுதான் அவர் சொன்னதன் சாரம்.

இந்த முறை தப்ப விடவில்லை. அரண்மனைத் திடலில் தடிகளால் அடித்தே கொன்றார்கள். கிறிஸ்தவர்கள் எடுத்துப்போய் மறைசாட்சியாகக் கொண்டாடிவிடக் கூடாது என்று உடலை உரோமையின் பெரிய சாக்கடையில் போட்டார்கள். லூசினா என்ற பெண்ணின் கனவில் அவரே தோன்றி, உடல் எங்கே மாட்டிக்கொண்டிருக்கிறது, எங்கே அடக்கம் செய்ய வேண்டும் என்று சொன்னதாகவும், லூசினா ஆள்களோடு இரவில் போய் மீட்டு அடக்கம் செய்ததாகவும் வரலாறு முடிகிறது.

ஆக அவர் இரண்டு முறை மரணத்தைச் சந்தித்தவர். முதல் முறை பிடித்துக்கொண்டு போனார்கள், இரண்டாவது முறை அவரே நடந்து போனார். என்னைக் கேட்டால் செபஸ்தியாரின் பெருமை அம்பில் இருப்பதைவிட அந்தப் படிக்கட்டில்தான் அதிகம் இருக்கிறது.

இதெல்லாம் உண்மையிலேயே நடந்ததா, இல்ல பின்னாடி கட்டின கதையா?

இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். அவர் இருந்தார், உரோமையில் மறைசாட்சியாக இறந்தார், அப்பியா சாலையில் புதைக்கப்பட்டார் என்பதில் சந்தேகத்துக்கு இடமில்லை. உரோமைத் திருச்சபை தன் மறைசாட்சிகளின் அடக்க நாளையும் இடத்தையும் குறித்து வைத்த ஒரு பட்டியல் 354ஆம் ஆண்டுத் தொகுப்பு ஒன்றில் கிடைக்கிறது. பட்டியல் அதற்கும் முன்னால், 336 வாக்கில் தயாரானது. அதில் ஜனவரி 20க்கு நேராகச் செபஸ்தியாரின் பெயரும் அடக்க இடமும் இருக்கின்றன. அவர் இறந்து சுமார் அரை நூற்றாண்டுக்குள், அவரைப் பார்த்த தலைமுறையின் பிள்ளைகள் உயிரோடு இருந்த காலத்திலேயே எழுதப்பட்ட ஆதாரம் இது. அதற்கடுத்து மிலான் ஆயர் புனித அம்புரோஸ் (397இல் இறந்தார்) ஒரு திருப்பாடல் விளக்கத்தில் இவரைப் பற்றிச் சில வரிகள் சொல்கிறார்.

ஐரீன், லூசினா, அம்பு, படிக்கட்டு போன்ற விவரங்கள் எல்லாம் ஐந்தாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட பாடுகளின் வரலாற்றில்தான் வருகின்றன. நூறு வருடத்துக்கு மேல் தள்ளி எழுதியது. நீண்ட காலம் அதை அம்புரோஸ் எழுதியதாகவே நம்பினார்கள், இன்று அதை இளைய அர்னோபியுஸ் என்பவரோடு சேர்த்துப் பேசுகிறார்கள். அந்தக் காலத்து மறைசாட்சி வரலாறுகளில் நீளமான உரையாடலும் அற்புதங்களும் சேர்ப்பது வழக்கம், இதிலும் அப்படித்தான். கதை மாந்தர் பலருக்கு வேறு ஆதாரம் இல்லை. ஆனாலும் நடுவே இருக்கும் கல்லறை உண்மை, நாள் உண்மை, அந்தக் கல்லறைக்கு மக்கள் ஓயாமல் போய்க்கொண்டே இருந்தார்கள் என்பதும் உண்மை. கீழே "வரலாறு சொல்கிறது" என்று எழுதும்போதெல்லாம் இந்த ஐந்தாம் நூற்றாண்டு நூலைத்தான் சொல்கிறேன்.

ஒரு புத்தகத்துல பிரான்ஸ் நாட்டுக்காரர்னு போட்டிருக்கு, இன்னொண்ணுல இத்தாலின்னு இருக்கு. எது சரி?

அம்புரோஸ், இவர் எங்கள் மிலான் ஊரைச் சேர்ந்தவர் என்கிறார். மிலானில் அப்போது பெரிதாகத் துன்பம் இல்லை, அதனால் வேதகலாபனை (கிறிஸ்தவர்களைத் துன்புறுத்துவது) கடுமையாக நடந்த உரோமைக்குப் போனார், அங்கே மறைசாட்சியாக முடிசூடினார் என்று எழுதுகிறார். பாடுகளின் வரலாறு, இன்றைய தென் பிரான்சில் இருக்கும் நார்போனில் பிறந்து மிலானில் வளர்ந்தவர் என்று சொல்லி இரண்டையும் இணைக்கிறது. அம்புரோஸ்தான் காலத்தால் முந்தியவர், மிலான் ஆயரும்கூட. அதனால் நான் மிலான் என்றே சொல்லிக்கொடுக்கிறேன்.

கிறிஸ்தவரா இருந்துக்கிட்டே அந்த ராஜாகிட்டயே வேலை பார்த்தாரே, அது எப்படி? மறைச்சு வாழ்றது கோழைத்தனம் இல்லையா?

பைபிளைத் திறந்து 1 அரசர்கள் 18ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். ஆகாபு அரசனின் அரண்மனைப் பொறுப்பாளர் ஒபதியா. ஈசபேல் இறைவாக்கினர்களைக் கொன்றுகொண்டிருந்தபோது, அதே அரண்மனையில் சம்பளம் வாங்கிக்கொண்டே நூறு இறைவாக்கினர்களை ஐம்பது ஐம்பது பேராகக் குகையில் ஒளித்து வைத்து அப்பமும் தண்ணீரும் கொடுத்தார். அவரை யாரும் கோழை என்று சொல்வதில்லை. செபஸ்தியார் செய்ததும் அந்த வகை வேலை. படைத்தலைவர் உடுப்பில் இருந்ததால்தான் சிறைக்கதவு அவருக்குத் திறந்தது.

வரலாற்றில் ஒரு காட்சி வருகிறது. மார்க்குஸ், மார்செல்லியானுஸ் என்ற இரட்டைச் சகோதரர்கள் சாவுத் தீர்ப்புக்குக் காத்திருக்கிறார்கள். பெற்றோர், மனைவிமார், கைக்குழந்தைகள் என்று குடும்பமே வந்து அழுது, ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள் என்று காலைப் பிடிக்கிறது. இருவர் மனமும் இளகத் தொடங்குகிற நேரத்தில்தான் செபஸ்தியார் உள்ளே வந்து பேசுகிறார். தன்னைக் காட்டிக்கொண்டால் தலை போகும் என்று தெரிந்தே பேசுகிறார். இரட்டையரைக் காவலில் வைத்திருந்த வீட்டில் இருந்த சோயே என்ற பெண் ஆறு வருடமாகப் பேச்சிழந்தவர், அவர் மேல் சிலுவை அடையாளம் வரைந்ததும் பேசத் தொடங்கினார் என்றும், அழ வந்த குடும்பமே திருமுழுக்குப் பெற்றது என்றும் வரலாறு சொல்கிறது.

தியோக்கிளேசியனுக்கு கிறிஸ்தவர்கள் மேல ஏன் அவ்வளவு கோபம்?

அந்த நாளில் தெய்வங்களுக்குப் பலி கொடுப்பது என்பது நாட்டுப்பற்றுக்கு அடையாளம். தெய்வங்கள் குளிர்ந்தால்தான் எல்லையில் வெற்றி, வயலில் விளைச்சல். பலி கொடுக்க மாட்டேன் என்று ஒருவர் நின்றால் நாட்டுக்கே தீங்கு வரவழைக்கிறார் என்று பார்த்தார்கள். இராணுவத்தில் இது இன்னும் கூர்மையாக வந்தது. 298இல் மார்செல்லுஸ் என்ற நூற்றுவர் தலைவர், இன்றைய மொரோக்கோவில் இருக்கும் தாஞ்சியரில், தன் இடைக்கச்சையைக் கழற்றி எறிந்து இனி நான் கிறிஸ்துவுக்கு மட்டுமே படைவீரன் என்று சொன்னதற்காகக் கொல்லப்பட்டார்.

303 பிப்ரவரியில், இன்றைய துருக்கியில் இருக்கும் நிக்கோமேதியாவில் ஆலயம் இடிப்போடு பெரிய வேதகலாபனை தொடங்கியது. ஆலயங்களை இடி, திருநூல்களை எரி, குருக்களைச் சிறையில் போடு, கடைசியில் எல்லோரும் பலி கொடு என்று ஒன்றன்பின் ஒன்றாக ஆணைகள் வந்தன. 311இல் கலேரியுஸ் மன்னன் சாகும் தறுவாயில் நிறுத்தினார், 313இல் கான்ஸ்டன்டைனும் லிசினியுஸும் முழு விடுதலை கொடுத்தார்கள்.

சில இடத்துல 288ல இறந்தார்னு இருக்கு. வேதகலாபனையே 303ல தானே ஆரம்பிச்சது?

நல்ல கேள்வி, கவனமாகப் படிப்பவர்கள் மட்டும் கேட்பது. 288 என்பது பிற்காலத்தில் கணக்குப் போட்டு வைத்த வருடம். மேலே சொன்ன பழைய பட்டியலில் நாள் மட்டும்தான் இருக்கிறது, வருடம் இல்லை. பொது ஆணை வருவதற்கு முன்பே இராணுவத்தில் கிறிஸ்தவர்களைக் களையெடுத்தார்கள் என்பதற்கு மார்செல்லுஸே சாட்சி, அதனால் 303க்கு முன்னால் இறந்திருக்கவே முடியாது என்று சொல்வதற்கில்லை.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. தியோக்கிளேசியன் பெரும்பாலும் கிழக்கே நிக்கோமேதியாவில்தான் இருந்தான். உரோமைக்கு வந்தது என்று உறுதியாகத் தெரிவது 303 நவம்பரில், ஆட்சியின் இருபதாம் ஆண்டு விழாவுக்காக. மேற்குப் பகுதியை ஆண்டது கூட்டு மன்னன் மாக்சிமியன். வரலாற்றில் இருவர் பெயரும் சேர்ந்தே வருகிறது. ஆகையால் நவநாள் புத்தகத்தில் 288 என்று இருந்தால் அதை வைத்துச் சண்டை போட வேண்டாம், "தியோக்கிளேசியன் காலம்" என்று சொன்னால் போதும், அது சரியாகவே இருக்கும்.

ஐரீன் யாரு? அவங்களைப் பத்தி யாருமே பேசுறதில்லையே.

பேச வேண்டும். கஸ்துலுஸ் என்ற மறைசாட்சியின் மனைவி என்று வரலாறு சொல்கிறது. கணவனைக் கொன்ற அதே ஆட்சியில், தண்டிக்கப்பட்ட ஒருவரின் உடலை இரவில் எடுக்கப் போகிறார். அதுவும் ஐரீன் தங்கியிருந்த இடம் அரண்மனைக்குள்ளேயே, உயரமான படிக்கட்டுக்கு மேலே. அந்தப் படிக்கட்டில் இரத்தம் சொட்டச் சொட்ட ஓர் ஆளைத் தூக்கிக்கொண்டு ஏறி, மன்னனின் கூரைக்கு அடியிலேயே பல நாள் மருத்துவம் பார்த்திருக்கிறார். ஒரு காவலாளி எட்டிப் பார்த்திருந்தால் இரண்டு பேருக்கும் முடிவுதான்.

ஐரோப்பிய ஓவியர்கள், குறிப்பாகப் பதினேழாம் நூற்றாண்டில், ஐரீனை நிறைய வரைந்தார்கள். பிரான்சின் ஜோர்ஜ் த லா தூர் வரைந்த ஒரு படத்தில் ஐரீன் விளக்கொளியில் குனிந்து மிகப் பொறுமையாக அம்பைப் பிடுங்கிக்கொண்டிருப்பார். நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் செவிலியர்கள், வீட்டில் படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களைக் கவனிக்கும் பெண்கள் இவரிடம் வேண்டுவது மிகவும் பொருத்தம்.

அம்மை, காலரா மாதிரி நோய் வந்தா ஏன் செபஸ்தியார்கிட்ட போறோம்? அம்புக்கும் நோய்க்கும் என்ன சம்பந்தம்?

அந்தக் காலத்து மனிதர்களுக்குக் கொள்ளைநோய் என்பது மேலே இருந்து எய்யப்படும் அம்பு. எங்கிருந்து வருகிறது என்று தெரியாது, யார்மேல் படும் என்று தெரியாது, பட்டவன் விழுவான். கிரேக்கர்களின் பழங்கதையில் அப்பல்லோ தேவன் அம்பெய்துதான் படை முகாமில் நோயை அனுப்புகிறான். திருப்பாடல் 91இலும் பகலில் பாய்ந்து வரும் அம்பும் இருளில் உலவும் கொள்ளைநோயும் அடுத்தடுத்த வரிகளில் வருகின்றன. அப்படிப் பார்த்துப் பழகியவர்களுக்கு, இத்தனை அம்பு பட்டும் பிழைத்து எழுந்தவர் என்றால் அவரைவிடப் பெரிய துணை யார்? இங்கே பாருங்கள், அவர் அம்பில் சாகவில்லை என்பது தெரிந்தால்தான் இந்தப் பக்தியே புரியும்.

நடந்த நிகழ்ச்சியும் ஒன்று உண்டு. 680இல் உரோமையிலும் வட இத்தாலியின் பாவியா நகரிலும் கொடிய கொள்ளைநோய் பரவியது. பாவியாவில் புனித பேதுருவின் ஆலயத்தில் செபஸ்தியாருக்குப் பீடம் வைத்தால் நோய் நிற்கும் என்று ஒருவருக்கு வெளிப்படுத்தப்பட்டதாகவும், உரோமையில் இருந்து அவருடைய திருப்பண்டம் (புனிதரின் உடல் எச்சம்) கொண்டுவந்து பீடம் எழுப்பியதும் நோய் நின்றதாகவும் லொம்பார்தியர் வரலாற்றை எழுதிய தியாக்கோன் பவுல் குறித்திருக்கிறார். பிறகு 1348 வாக்கில் ஐரோப்பாவையே சுடுகாடாக்கிய கறுப்புச் சாவு வந்தபோது, செபஸ்தியார் இல்லாத ஊரே இல்லை என்றாகிவிட்டது.

நோய் வந்தா மருந்து வேண்டாம், நேர்ச்சை போதும்னு சிலர் சொல்றாங்களே?

அப்படிச் சொல்கிறவர்களுக்கு ஐரீன் கதையைச் சொல்லுங்கள். செபஸ்தியாரே பிழைத்தது ஒருவர் அம்பைப் பிடுங்கி, புண்ணைக் கழுவி, கட்டுப் போட்டதால்தான். ஊசி போட்டுக்கொள்ளுங்கள், டாக்டர் சொன்ன மாத்திரையைச் சாப்பிடுங்கள், செபமும் செய்யுங்கள். கொரோனா சமயத்தில் இதைச் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை வறண்டது. நேர்ச்சை என்பது நன்றிக்கும் மன்றாட்டுக்கும். அதை மருந்துக்குப் பதிலாக வைத்தால் புனிதருக்கு அது மரியாதை இல்லை.

படைத்தலைவர்னா கவசம், வாள் எல்லாம் இருக்கணும். சுரூபத்துல ஏன் இடுப்புத் துணியோட சின்னப் பையனா இருக்கார்?

பழைய உருவம் அப்படி இல்லை. உரோமையில் புனித பேதுருவின் சங்கிலி ஆலயம் என்று ஒன்று இருக்கிறது, அங்கே ஏழாம் நூற்றாண்டு மொசைக் படத்தில் செபஸ்தியார் நரைத்த தாடியோடு, அரண்மனை உடையை முழுக்க உடுத்தி, கையில் வெற்றி முடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். ஓர் அம்புகூட இல்லை. பார்த்தால் நம்மில் யாருக்கும் செபஸ்தியார் என்றே தோன்றாது.

பதினைந்தாம் நூற்றாண்டு ஓவியர்கள்தான் இளைஞராக மாற்றினார்கள். மனித உடலை உள்ளபடி வரைவதில் ஆர்வம் பொங்கிய காலம் அது, கட்டப்பட்ட உடலும் அம்பும் அவர்களுக்குத் தங்கள் கைத்திறனைக் காட்ட நல்ல வாய்ப்பாக அமைந்தன. மந்தேஞ்ஞா மூன்று தடவை வரைந்தார், மெசினாவின் அந்தோனெல்லோ வரைந்தது இன்று ஜெர்மனியின் டிரெஸ்டனில் இருக்கிறது. அந்தப் படங்கள் வழியாக வந்ததுதான் நம் ஊர்ச் சுரூபமும். தவறு என்று சொல்ல மாட்டேன், அந்தக் கோலத்தில்தான் எத்தனையோ நோயாளிகள் தங்கள் உடம்பைப் பார்த்து ஆறுதல் அடைந்திருக்கிறார்கள். ஆனால் சிறுவன் இல்லை, பொறுப்பில் இருந்த மனிதர் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள்.

1969ல நிறைய புனிதர்களை எடுத்துட்டாங்களாம், இவரையும் எடுத்துட்டாங்களா?

இல்லை. 1969இல் ஆறாம் பவுல் திருத்தந்தை பொது நாட்காட்டியைச் சீர்செய்தபோது, வரலாற்று ஆதாரம் குறைவான சிலரின் விழாக்கள் உலகத் திருச்சபைக்கான பட்டியலில் இருந்து எடுக்கப்பட்டன. அதற்காக அவர்கள் புனிதர்கள் இல்லை என்று ஆகிவிடவில்லை. செபஸ்தியார் பட்டியலிலேயே இருக்கிறார், விருப்ப நினைவாக (விரும்பினால் கொண்டாடலாம் என்ற வகையில்). மேலே சொன்ன 354ஆம் ஆண்டு ஆதாரம் இருக்கும்போது அவரை யாரும் அசைக்க முடியாது.

ஜனவரி 20ல பபியான்னு இன்னொரு பேரும் போட்டிருக்கே?

அவர் திருத்தந்தை. 250இல் தேசியுஸ் மன்னன் காலத்தில் மறைசாட்சியானவர். செபஸ்தியாருக்கு ஏறக்குறைய ஒரு தலைமுறை முந்தியவர், ஆனால் நாள் ஒன்று. அதனால் பழைய பட்டியலில் இருந்தே சேர்ந்து வருகிறார்கள். கீழைத் திருச்சபையினர் செபஸ்தியாரை டிசம்பர் 18இல் கொண்டாடுகிறார்கள்.

அவரோட உடல் இப்போ எங்க இருக்கு? போய்ப் பார்க்கலாமா?

உரோமைக்குப் போனால் நகர மதிலுக்கு வெளியே அப்பியா சாலையில் புனித செபஸ்தியார் பேராலயம் இருக்கிறது, உரோமையின் மரபான ஏழு திருப்பயண ஆலயங்களில் ஒன்று. நான்காம் நூற்றாண்டில் கட்டியபோது அது பேதுரு, பவுல் என்ற இரு திருத்தூதர்களுக்கான ஆலயம். அதற்கும் முன்பே, மூன்றாம் நூற்றாண்டில், அங்கே வந்த விசுவாசிகள் சுவர் முழுக்கக் கீறி வைத்த மன்றாட்டுகள் இன்றும் இருக்கின்றன. "பவுலே, பேதுருவே, விக்டருக்காக வேண்டிக்கொள்ளுங்கள்" என்ற மாதிரி வரிகள். நாம் இன்று ஆலயத்துச் சீட்டில் பெயர் எழுதிப் போடுகிறோமே, அதேதான். திருத்தூதர்களின் பாதத்தருகே என்னை அடக்கம் செய்யுங்கள் என்று செபஸ்தியார் லூசினாவிடம் கேட்டதாக வரலாறு சொல்வது இந்த இடத்தைத்தான். நாளடைவில் ஆலயத்துக்கே அவர் பெயர் நிலைத்துவிட்டது. உள்ளே அம்புகளோடு சாய்ந்து கிடக்கும் வெள்ளைப் பளிங்குச் சிலை ஒன்று உண்டு, ஜுசெப்பே ஜோர்ஜெத்தி செதுக்கியது.

திருப்பண்டங்கள் முழுதும் ஒரே இடத்தில் இல்லை. 826இல் ஒரு பகுதி பிரான்சின் சுவாசோனில் உள்ள மடத்துக்குப் போனது. ஜெர்மனியின் பவேரியாவில் எபர்ஸ்பெர்க் என்ற ஊரில் மண்டையோட்டின் ஒரு பகுதியை வெள்ளிப் பேழையில் வைத்திருக்கிறார்கள். கொள்ளைநோய்க் காலங்களில் திருப்பயணிகள் அங்கே அர்ச்சித்த திராட்சை இரசம் வாங்கிக் குடிப்பது பெரிய வழக்கமாக இருந்தது.

நம்ம பக்கத்துக்கு எப்படி வந்தார்?

பெரும்பாலும் போர்த்துக்கீசியரோடு, கடற்கரை வழியாக. அவர்களுக்குச் செபஸ்தியார் மேல் தனிப் பற்று. ஜனவரி 20இல் பிறந்ததால் அந்தப் பெயரையே பெற்ற ஒரு மன்னர் 1557 முதல் 1578 வரை போர்த்துக்கலை ஆண்டார், 1565இல் பிரேசிலில் தொடங்கிய ரியோ டி ஜெனீரோ நகருக்கும் இந்தப் புனிதரே பாதுகாவலர். கொச்சி, மன்னார், நீர்கொழும்பு என்று கப்பல் தொட்ட கரையெல்லாம் இந்தப் பக்தியும் இறங்கியது. மன்னார் மறைமாவட்டத்தின் பேராலயமே புனித செபஸ்தியார் ஆலயம்தான்.

கேரளத்தில் அம்புப் பெருநாள் என்றே பெயர், அம்பை எழுந்தருளச் செய்து வீடு வீடாகக் கொண்டுபோவார்கள். ஆலப்புழை மாவட்டத்தின் அர்த்துங்கல்லில் சபரிமலை போய்வரும் ஐயப்ப பக்தர்கள் செபஸ்தியார் முன்னால் வந்து மாலை கழற்றும் வழக்கம் இன்றும் இருக்கிறது. இலங்கையில் கந்தானை திருத்தலம் பேர்போனது. நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டிய செபஸ்தியார் ஆலயத்தை எல்லோருக்கும் வேறொரு காரணத்தால் தெரியும். 2019 ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறு திருப்பலியில் குண்டு வெடித்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் அங்கே இறந்தார்கள். மறைசாட்சியின் பெயர் வைத்த ஆலயத்தில், ஞாயிறு பூசைக்கு வந்த குழந்தைகளும் தாய்மார்களும். அவர்களை நினைக்காமல் இப்போதெல்லாம் என்னால் ஜனவரி 20 நவநாளை முடிக்க முடிவதில்லை.

நம்ம தேவசகாயம் பிள்ளை கதையும் இதே மாதிரி இருக்கே?

இருவருமே அரண்மனை உத்தியோகத்தில் இருந்தவர்கள், இருவரும் விசுவாசத்தை விட மறுத்தவர்கள். தேவசகாயம் திருவிதாங்கூரில் 1752 ஜனவரி 14இல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார், 2022 மே 15இல் புனிதராக உயர்த்தப்பட்டார். பெரிய வித்தியாசம், தேவசகாயத்தின் காலம் நமக்கு அருகில் இருப்பதால் எழுத்து ஆதாரம் நிறைய. ஜனவரியில் இரண்டு பேரையும் சேர்த்துப் பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

தப்பிச்ச பிறகும் தானே போய் மாட்டிக்கிட்டார். அது தற்கொலை மாதிரி இல்லையா?

இருப்பதிலேயே கடினமான கேள்வி, மழுப்பக் கூடாது. ஆதித் திருச்சபையே இதைப் பற்றி மிகக் கவனமாக இருந்தது. இரண்டாம் நூற்றாண்டில் புனித பொலிகார்ப்பின் மறைசாட்சி வரலாற்றை எழுதியவர்கள், குவிந்துஸ் என்று ஒருவர் தானாகப் போய்ச் சரணடைந்து, பிறகு மிருகங்களைக் கண்டு பயந்து பலி கொடுத்துவிட்டதைச் சொல்லி, தாங்களாக ஒப்புக்கொடுப்பவர்களை நாங்கள் புகழ்வதில்லை என்று வெளிப்படையாக எழுதினார்கள். ஸ்பெயினில் எல்விரா சங்கம், சிலையை உடைக்கப் போய்க் கொல்லப்பட்டவரை மறைசாட்சிப் பட்டியலில் சேர்க்கக் கூடாது என்றது. கார்த்தேஜ் ஆயர் சிப்ரியான் தேசியுஸ் காலத்தில் ஒளிந்திருந்தார், 258இல் பிடிபட்டபோது தயங்காமல் உயிரைக் கொடுத்தார், அவரையும் திருச்சபை கொண்டாடுகிறது. ஆக ஓடி ஒளிவது பாவமில்லை, சாவைத் தேடிப் போவது புண்ணியமும் இல்லை.

செபஸ்தியார் போனது சாவதற்காக இல்லை என்றே நான் படிக்கிறேன். அவர் பேசியதைப் பாருங்கள் (மூன்றாவது கேள்விக்கான பதிலில் இருக்கிறது), தன்னைப் பற்றி ஒரு சொல் இல்லை, சிறையில் கிடப்பவர்கள்மேல் சுமத்தப்பட்ட பொய்யைப் பற்றித்தான் முழுதும். மன்னனிடம் நேராகப் பேசக்கூடிய இடத்தில் இருந்தவர் அந்தக் கூட்டத்தில் அவர் ஒருவர்தான். பைபிளில் வரும் எஸ்தர் அரசி, சட்டத்துக்கு மாறாக அரசன் முன்னால் போகிறேன், அழிந்தால் அழிகிறேன் என்று போனாரே, அதைத் தற்கொலை என்று யாரும் சொல்லவில்லை. எஸ்தர் விஷயத்தில் அரசன் செங்கோலை நீட்டினான். இங்கே நீட்டவில்லை.

திருவிழாவுக்கு இளையோர் நாடகம் போடுறோம். எந்தக் காட்சியில முடிக்கலாம்?

அம்புக் காட்சியில் முடிக்காதீர்கள், இதுதான் என் ஒரே வேண்டுகோள். பெரும்பாலும் அங்கேதான் திரை விழுகிறது, கூட்டம் கைதட்டிவிட்டு அசனத்துக்குக் கிளம்பிவிடுகிறது. சிறைக்காட்சியை நன்றாக எழுதுங்கள், இரட்டையரின் அம்மா அழும் இடத்தில் ஊரே உட்கார்ந்துவிடும். அம்புக்குப் பிறகு ஐரீனுக்கு ஒரு முழுக் காட்சி கொடுங்கள், நல்லா நடிக்கிற பெண்ணாகப் பார்த்துப் போடுங்கள். அடுத்தது படிக்கட்டு. அங்கே வசனத்தைச் சுருக்குங்கள், மன்னன் அவரைப் பார்த்துத் திடுக்கிடும் அந்த ஒரு நிமிடத்தை மட்டும் நிதானமாக ஓடவிடுங்கள். லூசினா உடலை எடுப்பதைப் பின்குரலில் சொன்னால் போதும், சாக்கடையை மேடையில் காட்டத் தேவையில்லை. அப்புறம், அம்புக்குத் தென்னை ஈர்க்குச்சி வேண்டாம், கண்ணில் குத்திவிடும். தெர்மோகோலில் வெட்டி, சட்டையில் முன்கூட்டியே ஒட்டி வைத்துவிடுங்கள்.